பாட்டிக்கு என்ன சம்பளம்?

2025 டிசம்பர் 10-ம் தேதி டெல்லி செங்கோட்டையில் யுனெஸ்கோ கமிட்டி உட்கார்ந்து, ஒரே நாளில் நமக்கும் இத்தாலிக்காரர்களுக்கும் சேர்த்து நல்ல சேதி சொன்னது. நம்முடைய தீபாவளி, மனித குலத்தின் பண்பாட்டுச் செல்வங்கள் பட்டியலில் ஏறியது. அதே பட்டியலில் இத்தாலியச் சமையலும் ஏறியது. நேப்பிள்ஸ் நகரத்து பீட்சா மாஸ்டர்களின் கைத்திறனுக்கு 2017-லேயே இந்த மரியாதை கிடைத்துவிட்டது. இந்தத் தடவை ஒரு அயிட்டத்துக்கு இல்லை, ஒட்டுமொத்த அடுப்படிக்கே.

நல்ல விஷயம்தான். சாப்பாட்டுக்கு மரியாதை செய்தால் எனக்கென்ன வருத்தம்? ஆனால் பி.காம். படித்தவனுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. யாராவது 'செல்வம்', 'சொத்து' என்று பேச ஆரம்பித்தால், கணக்குப் புத்தகத்தின் இன்னொரு பக்கத்தைப் புரட்டி, 'இதில் யாருக்கு எவ்வளவு பாக்கி?' என்று பார்க்கத் தோன்றும். பார்த்தேன். பாக்கி பெரிசாக இருக்கிறது. அதைப் பற்றித்தான் இந்த வாரம்.

'நோன்னா' என்றால் இத்தாலியில் பாட்டி. இந்தப் பாட்டியை நீங்களும் பார்த்திருப்பீர்கள். வெள்ளை முடி, பூப்போட்ட ஏப்ரன், கையில் நீளமான உருட்டுக்கட்டை, முகம் கொள்ளாத சிரிப்பு. பாஸ்தா சாஸ் பாட்டிலில் இருப்பார், ரெஸ்டாரன்ட் போர்டில் இருப்பார், டூரிஸ்ட் புத்தகத்தில் இருப்பார். உலகத்திலேயே அதிகம் விற்பனையாகும் பாட்டி அவர்தான். என் கேள்வி சிம்பிள். இந்தப் பாட்டிக்கு என்ன சம்பளம்?

கோபப்படாதீர்கள். 'பாட்டிக்குப் போய் சம்பளமா?' என்று நீங்கள் முகம் சுளிப்பது தெரிகிறது. அந்தச் சுளிப்புக்கே வருகிறேன். அதற்கு முன்னால் பாட்டி நிஜமாகவே என்ன சமைத்தார் என்று பார்த்துவிடலாம்.

நம் ஊரில் 'இத்தாலியன்' என்று மெனு கார்டில் வருகிற க்ரீமும் சீஸும் வழிகிற சமாசாரத்தை மறந்துவிடுங்கள். அன்றாடம் வீட்டில் சமைத்தது வேறு. இத்தாலிக்காரர்களே அதற்கு வைத்திருக்கும் பெயர் 'குச்சீனா போவெரா' - ஏழைச் சமையல். டஸ்கனி பக்கம் 'ரிபொல்லீத்தா' என்று ஒன்று உண்டு. பெயருக்கு அர்த்தமே 'மறுபடி கொதிக்க வைத்தது'. முந்தின நாள் செய்த பீன்ஸ், கீரை சூப்பில், காய்ந்துபோன ரொட்டியைப் போட்டு, மறுநாள் திரும்பக் கொதிக்க வைப்பது. அதே காய்ந்த ரொட்டியைத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து, வெங்காயம், தக்காளி, ஆலிவ் எண்ணெய் சேர்த்தால் 'பான்ஸனெல்லா'. தக்காளியோடு குழைய வேகவைத்தால் 'பாப்பா அல் பொமொதோரோ'. பாஸ்தாவும் பீன்ஸும் ஒரே பானையில் வெந்தால் 'பாஸ்தா எ ஃபஜோலி'. ரொட்டியைத் தூக்கி எறிவது பாவம். கறி வாங்கக் காசு இல்லை. இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு பெண்மணி மூளையைக் கசக்கிக் கண்டுபிடித்தவைதான் இவை. பழைய சோறும் சுண்டக்குழம்பும் தெரிந்த நமக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை.

இன்றைக்கு இதே ரிபொல்லீத்தா ஃப்ளாரன்ஸ் நகரத்து ஹோட்டல்களில் 'பாரம்பரிய உணவு' என்று நல்ல விலைக்குப் போகிறது. போகட்டும். ஆனால் பாரம்பரியம் என்ற வார்த்தையைக் கேட்டதும் கண்ணில் நீர் மல்க நிற்பவர்களுக்கு ஒரு தகவல்.

இத்தாலியின் வடக்கே வெனெத்தோ, லொம்பார்தி பகுதிகளில் ஏழை விவசாயிகளின் அன்றாட உணவு 'பொலெந்தா'. மக்காச்சோள மாவைக் கொதிக்கும் நீரில் கொட்டிக் கிண்டிய களி. காலையிலும் அதுதான், ராத்திரியும் அதுதான். கறி, பால், பருப்பு எதுவும் கூட இல்லாமல் அதை மட்டுமே தின்றவர்களுக்குத் தோல் வெடித்தது, வயிறு கழன்றது, புத்தி பேதலித்தது, செத்துப்போனார்கள். நோயின் பெயர் பெல்லாக்ரா. 'சொரசொரப்பான தோல்' என்று அர்த்தம். 1771-ல் இத்தாலிய டாக்டர் ஒருவர் வைத்த பெயர். மக்காச்சோளத்தில் இருக்கும் நியாசின் என்கிற வைட்டமினை, சுண்ணாம்பு நீரில் ஊறவைத்தால் ஒழிய நம் உடம்பு எடுத்துக்கொள்ளாது. மெக்சிகோவின் பூர்வகுடிகளுக்கு அந்த ரகசியம் தெரியும். சோளத்தை ஐரோப்பாவுக்குக் கொண்டுவந்தவர்கள் ரகசியத்தைக் கொண்டுவரவில்லை. 1881-ல் இத்தாலி அரசு கணக்கெடுத்தபோது, பெல்லாக்ரா நோயாளிகள் ஒரு லட்சம் பேருக்கு மேல் இருந்தார்கள்.

1876 முதல் 1915 வரை சுமார் 1 கோடியே 40 லட்சம் பேர் இத்தாலியை விட்டு வெளியேறினார்கள். இவ்வளவு ருசியான பாரம்பரியத்தை விட்டுவிட்டு எதற்குக் கப்பல் ஏறினார்கள் என்று நினைக்கிறீர்கள்? பசி, சார். பசி.

ஆக, நோன்னாவின் தினசரிச் சமையல் என்பது இல்லாததை வைத்து ஒப்பேற்றிய கதை. அதில் எனக்கு மரியாதை உண்டு. அந்த மரியாதையை பாட்டிலில் அடைத்து விற்கிறபோதுதான் இடிக்கிறது.

அடுத்து பண்டிகை. இங்கேதான் கணக்கு சூடு பிடிக்கிறது.

கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் மாமிசம் கிடையாது; மீன்தான். நேப்பிள்ஸில் 'கபித்தோனே' என்று கொழுத்த விலாங்கு மீன் வாங்குவார்கள். உயிரோடு வாங்கி வந்து வீட்டில்தான் வெட்ட வேண்டும். வழுக்கிக்கொண்டு கிச்சன் முழுக்க ஓடும். ஈஸ்டருக்கு அதே நேப்பிள்ஸில் 'பஸ்தியேரா'. கோதுமையை ஊறவைத்து, வேகவைத்து, ரிக்கோட்டா பாலாடையும் ஆரஞ்சுப் பூ வாசனையும் சேர்த்துச் செய்கிற இனிப்பு. ஓரிரு நாள் முன்னதாகச் செய்துவைத்தால்தான் ருசி சேரும். போலோஞா நகரத்தில் கிறிஸ்துமஸ் என்றால் 'தொர்த்தெல்லீனி'.

இந்தத் தொர்த்தெல்லீனியைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பாருங்கள். நூறு கிராம் மாவுக்கு ஒரு முட்டை என்று பிசைந்து, அதைக் கண்ணாடி மாதிரி மெல்லிசாக உருட்டுக்கட்டையால் தேய்த்து, சின்னச் சின்ன சதுரமாக வெட்டி, பன்றிக்கறியும் பர்மேசான் சீஸும் ஜாதிக்காயும் சேர்த்து அரைத்த பூரணத்தைப் பட்டாணி அளவு வைத்து, முக்கோணமாக மடித்து, விரலைச் சுற்றி மோதிரம் மாதிரி முனைகளை ஒட்ட வேண்டும். ஒரு ஆளுக்கு 40 என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்துப் பேர் குடும்பத்துக்கு 400. கைதேர்ந்த பாட்டி ஒன்றை மடிக்க 15 விநாடி என்று தாராளமாகவே போடுவோம். 6,000 விநாடி. 100 நிமிடம். மடிக்க மட்டும்! பிசைந்தது, தேய்த்தது, பூரணம் வதக்கியது, எலும்பும் கோழியும் போட்டு மணிக்கணக்கில் சூப் காய்ச்சியது, பாத்திரம் கழுவியது எல்லாம் தனி. மேஜையில் வைத்ததும் பத்துப் பேரும் சாப்பிட்டு முடிக்கப் பத்து நிமிடம் ஆகுமா?

இது வருஷத்துக்கு ஒரு முறை. ஞாயிற்றுக்கிழமை வாரா வாரம் வருகிறதே! நேப்பிள்ஸ் வீடுகளில் ஞாயிறு மதியத்துக்கு 'ராகூ' வேண்டும். பெரிய பெரிய கறித்துண்டுகளைத் தக்காளியில் போட்டு, கொதிக்கவும் கூடாது, அணையவும் கூடாது என்கிற தீயில், சின்னச் சின்னக் குமிழியாக மணிக்கணக்கில் வேகவைப்பது. சனிக்கிழமை ராத்திரியே ஆரம்பிக்க வேண்டும். நேப்பிள்ஸின் மகா நாடகக்காரர் எதுவார்தோ தே ஃபிலிப்போ இதை வைத்தே 1959-ல் ஒரு முழு நாடகம் எழுதினார். பெயர் 'சனி, ஞாயிறு, திங்கள்'. பின்னால் 1990-ல் சோஃபியா லாரன் நடித்துப் படமாகவும் வந்தது. ராகூ வைப்பதில் பெயர்பெற்ற ரோசா என்கிற அம்மாள் வீட்டில் உர்ரென்று இருக்கிறார். ஏனென்று யாருக்கும் புரியவில்லை. கடைசியில் விஷயம் என்னவென்றால், வீட்டுக்காரர் ஒருநாள் மருமகள் சமைத்த மாக்கரோனியை வாய் விட்டுப் புகழ்ந்துவிட்டார்!

சிரிக்கிறோம். மாமியார்-மருமகள் மேட்டர் இத்தாலியிலும் உண்டா என்று குஷியாகிறோம். ஆனால் யோசித்தால் சிரிப்பு நின்றுவிடும். அந்த அம்மாளுக்கு வாழ்நாள் முழுக்கக் கிடைத்த ஒரே சம்பளம் 'நன்றாக இருக்கிறது' என்ற ஒரு வார்த்தை. அதையும் வேறு ஒருத்திக்குத் தூக்கிக் கொடுத்தால் அவர் என்னதான் செய்வார்?

இனி, பெயர் வாங்கியவர்கள் யார் என்று பார்ப்போம்.

இத்தாலிய வீட்டுச் சமையலின் பைபிள் என்று ஒரு புத்தகம். 'சமையலறையில் விஞ்ஞானமும் நன்றாகச் சாப்பிடும் கலையும்' என்று தலைப்பு. 1891-ல் வெளிவந்தது. எழுதியவர் பெல்லெக்ரீனோ அர்தூசி. கல்யாணம் ஆகாதவர், வியாபாரம் செய்து சம்பாதித்து ஓய்வு பெற்றவர், அப்போது வயது 71. பதிப்பாளர்கள் கைவிரித்ததால் சொந்தச் செலவில் அச்சடித்தார். 475 குறிப்புகளோடு ஆரம்பித்து, பதிப்புக்குப் பதிப்பு வளர்ந்து 790-ல் நின்றது. வடக்கும் தெற்கும் ஒருவர் பாஷை ஒருவருக்குப் புரியாமல் கிடந்த நாட்டை, இந்தப் புத்தகம்தான் அடுப்படி வழியாக ஒன்று சேர்த்தது என்பார்கள்.

சரி, அத்தனை குறிப்புகளையும் அடுப்பில் வைத்துப் பார்த்தது யார்? அவர் வீட்டு வேலையில் இருந்த மரியெத்தா சபாத்தீனி என்ற பெண்ணும், சமையல்காரர் ஃபிரான்செஸ்கோ ருஃபில்லியும். அட்டையில் ஒரு பெயர், அடுப்படியில் இரண்டு பேர்.

ஆனால் அர்தூசியைத் திட்ட மாட்டேன். ஏனென்றால் அந்த மனிதர் பாக்கியைத் தீர்த்துவிட்டுப் போனார். ஒரு பண்டத்துக்கே 'மரியெத்தாவின் பனெத்தோனே' என்று பெயர் வைத்தார். 1911-ல் இறந்தபோது, புத்தகத்தின் உரிமையை மரியெத்தாவுக்கும் ஃபிரான்செஸ்கோவுக்கும் எழுதிவைத்திருந்தார். 19-ம் நூற்றாண்டு முதலாளி ஒருவருக்கு இருந்த நியாய உணர்ச்சி, பாட்டில் லேபிளில் பாட்டி படம் போடுகிற 21-ம் நூற்றாண்டுக்காரர்களுக்கு இருக்கிறதா?

போலோஞா வர்த்தகச் சபை இன்னும் ஒரு படி மேலே போனது. அங்கே 1972-ல் ஒரு தங்க நாடாவைப் பத்திரமாக வைத்தார்கள். எதற்கு? 'தாலியாத்தெல்லே' என்கிற ரிப்பன் பாஸ்தா, வெந்தபிறகு 8 மில்லிமீட்டர் அகலம் இருக்க வேண்டும் என்பதற்கு அளவுகோல்! 1982-ல் ராகூவின் அதிகாரபூர்வக் குறிப்பும் அதே சபையில் பதிவானது. அகலம் பதிவாகிவிட்டது, அளவு பதிவாகிவிட்டது. மாவைத் தேய்த்தவளின் தோள்பட்டை எத்தனை மணி நேரம் வலித்தது என்பதை எந்த வர்த்தகச் சபையும் பதிவு செய்யவில்லை.

இதே கதைதான் 'அசல்' எது என்கிற சண்டையிலும். கார்பொனாரா பாஸ்தாவில் யாராவது க்ரீம் ஊற்றினால் இத்தாலிக்காரர்கள் யுத்தத்துக்கு வருவார்கள். கார்பொனாராவோ இரண்டாம் உலகப் போருக்குப் பிறகுதான் அச்சில் தலைகாட்டுகிறது. அச்சில் கிடைத்திருக்கும் முதல் குறிப்பு 1952-ல் சிகாகோவில் வந்த ஒரு புத்தகத்தில்! இதையெல்லாம் எடுத்துச் சொன்ன பார்மா பல்கலைக்கழகப் பேராசிரியர் அல்பெர்த்தோ கிராந்தி, 2023-ல் ஒரு பேட்டிக்காக வாங்கிய திட்டு கொஞ்சநஞ்சமல்ல. க்ரீம் போடலாமா, பூண்டு போடலாமா என்று நாடே இரண்டுபட்டுக் கத்துகிறது. யார் நின்று சமைப்பது என்று ஒரு குரல் கூட அந்தக் கூச்சலில் கேட்கவில்லை.

ரோமில் 1986-ல் மெக்டொனால்ட்ஸ் கடை திறந்ததை எதிர்த்து கார்லோ பெத்ரீனி ஆரம்பித்த 'ஸ்லோ ஃபுட்' இயக்கம் உலகப் புகழ். சின்ன விவசாயிகளுக்கும் அழிந்துகொண்டிருந்த விதைகளுக்கும் அது நல்லது செய்தது, மறுக்கவில்லை. ஆனால், 'நிதானமாகச் சமைத்து நிதானமாகச் சாப்பிடுவோம்' என்று சொல்கிறபோது, நிதானமாகச் சாப்பிடுவது குடும்பம் முழுக்க. நிதானமாகச் சமைப்பது யார்? காலையில் எட்டரை மணி பஸ்ஸைப் பிடிக்கிற பெண்ணிடம் போய் 'மெதுவாகச் சமையம்மா' என்று சொல்லிப் பாருங்கள்.

இத்தாலியில் பெண்களுக்கு ஓட்டுரிமை வந்தது 1945-ல். குடும்பத்துக்குப் புருஷன்தான் தலைவன் என்று சட்டப் புத்தகத்திலேயே எழுதியிருந்ததை நீக்கியது 1975-ல். நடுவில் 1972-ல் ஒரு காரியம் நடந்தது. பொலெந்தா தின்று பெல்லாக்ராவில் செத்தார்களே, அதே வெனெத்தோவின் பாதுவா நகரத்தில் சில பெண்கள் கூடினார்கள். மரியரோசா தல்லா கோஸ்தா, செல்மா ஜேம்ஸ், சில்வியா ஃபெதெரீச்சி. 'வீட்டு வேலைக்குச் சம்பளம் கொடு' என்று கேட்டார்கள். கிண்டல் செய்யாதவர்கள் இல்லை. ஆனால் அவர்கள் கேட்டதில் இருந்த லாஜிக் எளிமையானது. ஃபாக்டரிக்குப் போகிற தொழிலாளி தினமும் காலையில் தெம்பாக எழுந்து போவதற்கு, ராத்திரி யாரோ சமைத்துப் போட்டிருக்கிறார்கள். அந்த யாரோவின் உழைப்பு முதலாளியின் கணக்கில் இலவசமாக ஏறுகிறது.

எங்கள் காமர்ஸ் பாடத்தின் பக்கத்துப் பாடமான பொருளாதாரத்தில் பிகூ என்ற ஆங்கிலேயர் இதை 1920-லேயே சொல்லிவிட்டார். ஒருவர் தன் வீட்டுச் சமையல்காரியைக் கல்யாணம் செய்துகொண்டால் தேசிய வருமானம் குறைந்துவிடும். அதே அடுப்பு, அதே கை, அதே ரசம். தாலி ஏறியதும் சம்பளம் நின்றுவிட்டது. அதனால் கணக்கிலிருந்தும் காணாமல் போய்விட்டது.

இத்தாலி அரசாங்கத்துக்கும் இது தெரியாமல் இல்லை. 1999-ல் ஒரு சட்டம் போட்டார்கள். முழு நேரமும் வீட்டு வேலை செய்கிறவர்கள் கட்டாயம் விபத்து இன்சூரன்ஸ் எடுக்க வேண்டும். 2019-லிருந்து பிரீமியம் வருஷத்துக்கு 24 யூரோ. வசதி இல்லாதவர்களுக்கு அரசே கட்டும். சமையலறை என்பது விபத்து நடக்கிற ஒரு வேலைத் தலம் என்று அரசே ஒப்புக்கொண்ட சட்டம் இது. ஆனால் வேடிக்கையைப் பாருங்கள். வேலைத் தலம் உண்டு, வேலை உண்டு, இன்சூரன்ஸ் உண்டு. சம்பளம்? மூச்! கை சுட்டுக்கொண்டால் கூடப் போதாது; நிரந்தர ஊனம் குறிப்பிட்ட சதவிகிதத்தைத் தாண்டினால்தான் பணம்.

ஓ.ஈ.சி.டி. தொகுத்த கணக்குப்படி, இத்தாலியப் பெண் சம்பளமில்லாமல் செய்யும் வேலை சராசரியாக ஒரு நாளைக்கு 5 மணி நேரத்துக்கு மேல். ஆண்? 2 மணி நேரம் சொச்சம். ஐரோப்பிய யூனியனில் பெண்கள் சம்பள வேலையில் மிகக் குறைவாக இருக்கும் நாடுகளில் இத்தாலியும் ஒன்று. இந்த இரண்டு தகவலுக்கும் சம்பந்தம் இல்லை என்று நம்புகிறவர்கள் கையைத் தூக்கலாம்.

இப்போது உங்கள் முகச்சுளிப்புக்கு வருகிறேன். 'அன்பாகச் செய்வதைக் காசால் அளக்கலாமா?' என்பதுதானே கேள்வி? டாக்டர் அன்பாக வைத்தியம் பார்க்கிறார், ஃபீஸ் வாங்குவதில்லையா? டீச்சர் அன்பாகப் பாடம் நடத்தினால் சம்பளம் கட்டா? அன்பு இருக்கும் இடத்தில் காசு இருக்கக் கூடாது என்கிற விதி, பாட்டிக்கும் அம்மாவுக்கும் மட்டும் எப்படிப் பொருந்துகிறது?

'அப்படியென்றால் இந்த ருசியெல்லாம் அழிந்துபோகட்டுமா?' என்று இன்னொரு கேள்வி வரும். அழிய வேண்டாம் என்றுதான் நானும் சொல்கிறேன். காப்பாற்ற ஒரே வழிதான் இருக்கிறது. ஆம்பளைக் கை மாவில் படுவது. அர்தூசி பிறந்த ஃபோர்லிம்போபோலி ஊரில் 'மரியெத்தாக்கள்' என்று ஒரு சங்கமே இருக்கிறது. யார் வந்தாலும் மாவு தேய்க்கக் கற்றுக்கொடுக்கிறார்கள். தேய்க்கத் தெரிந்தால் போதும், உருட்டுக்கட்டை ஆண், பெண் பார்ப்பதில்லை. பாட்டியின் கையோடு போய்விடும் என்று ஒப்பாரி வைக்கிற பேரன், பாட்டி இருக்கும்போதே பக்கத்தில் நின்று நாலு தொர்த்தெல்லீனி மடித்திருந்தால், யுனெஸ்கோ வந்து காப்பாற்ற வேண்டிய அவசியமே இல்லை.

கடைசியாக நம்ம ஊர். செங்கோட்டையில் ஒரே நாளில் இரண்டு பேருக்கும் மாலை விழுந்தது என்றேனே, பாக்கியும் இரண்டு பேருக்கும் பொதுதான். மத்திய அரசின் 2019 சர்வேப்படி வீட்டு வேலை செய்கிற பெண், அதற்குச் செலவிடுவது நாளொன்றுக்கு 299 நிமிடம். ஆண் 97 நிமிடம். அதுவும் வீட்டு வேலை செய்கிற ஆண்களை மட்டும் எண்ணி! ஒன்றுமே செய்யாத மகானுபாவர்கள் இந்தச் சராசரியில் சேர்த்தி இல்லை. தமிழ்நாட்டில் 2023 செப்டம்பரில் குடும்பத் தலைவிகளுக்கு மாதம் 1,000 ரூபாய் கொடுக்க ஆரம்பித்தபோது, 'உதவித் தொகை' என்று சொல்லாமல் 'உரிமைத் தொகை' என்று பெயர் வைத்தார்கள். பாதுவாவில் 1972-ல் கேட்ட கேள்விக்கு, கொஞ்சம் சில்லறையாகவாவது ஒரு பதில். 'ஓசிப் பணம்' என்று அதைக் கிண்டல் செய்தவர்களை எனக்குத் தெரியும். அவர்கள் யாரும் மூன்று வேளையும் வீட்டில் ஓசியில் சாப்பிட்டதாக ஒப்புக்கொண்டதில்லை.

நான் மட்டும் யோக்கியன் இல்லை. இத்தனை வருஷத் தீபாவளியில் எண்ணெய்ச் சட்டி முன்னால் நான் நின்ற நேரத்தைக் கூட்டினால் ஒரு சினிமா இன்டர்வெல் வராது. அதனால்தான் உங்களையும் கூட்டுச் சேர்க்கிறேன். இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு காரியம் செய்யுங்கள். பேப்பரும் பேனாவும் எடுத்துக்கொண்டு, சமையலறைக்குள் முதல் விளக்கு எரிந்த நேரத்தையும், கடைசிப் பாத்திரம் கவிழ்ந்த நேரத்தையும் குறித்து வையுங்கள். உங்கள் ஊரில் சமையலுக்கு ஆள் வைத்தால் ஒரு மணி நேரத்துக்கு என்ன கேட்பார்களோ அதனால் பெருக்குங்கள். வருகிற தொகையை உங்கள் வீட்டு அம்மாவிடமோ மனைவியிடமோ காட்டுங்கள்.

சிரித்துவிட்டு, 'காபி வேணுமா?' என்று கேட்பார்கள். அந்தக் காபியையாவது நீங்கள் போடுங்கள்.